பிரிட்டனில் 2.4 கோடிப் பேர் அரசு உதவித்தொகை வாங்குகிறார்களா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: “பிரிட்டனில் 2.4 கோடிப் பேர் அரசிடம் உதவித்தொகை வாங்குகிறார்கள் என்று ஒரு செய்தியில் படித்தேன். அந்த நாட்டின் மக்கள்தொகையே 7 கோடிக்குள்தான். அப்படியென்றால் மூன்றில் ஒருவர் வேலைக்குப் போகாமல் அரசாங்கக் காசில் வாழ்கிறாரா, இல்லை கணக்கே தப்பா?” கணக்கு தப்பில்லை. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் நிற்காது. உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். அந்தத் தலைப்பை எழுதியவர் நீங்கள் அப்படி நினைக்க வேண்டும் என்றேதான் எழுதியிருக்கிறார்.

நான் இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பின்) ஹவுசிங் பெனிஃபிட் பிரிவில் பல வருடங்கள் தரவு வேலை பார்த்தவன். வாடகை உதவி பெறுபவர்களின் பதிவுகளை மாதாமாதம் ஒரே கோப்பாகத் திரட்டி, மத்திய அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்கு அனுப்ப வேண்டும். ஹவுசிங் பெனிஃபிட் கொடுக்கும் எல்லா கவுன்சில்களும் இதைச் செய்கின்றன. துறையின் புள்ளிவிவரங்களில் ஒரு பகுதி அந்தக் கோப்புகளிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே ஒரு மனிதரின் விண்ணப்பம் எப்படி அட்டவணையில் ஓர் எண்ணாகிறது என்பதை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைகளின் மதிப்பீட்டு வேலை என் கையில் இருந்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வது அறிக்கைகளைப் படித்து அறிந்தது மட்டுமே.

முதலில் அந்த 2.4 கோடியைப் பிரித்துப் பாருங்கள். அதில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 1.3 கோடிப் பேர், ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஆகப் பெரும்பாலோர் வாங்குவது ஸ்டேட் பென்ஷன். இது நம் ஊரில் அரசு ஊழியர் வாங்கும் பென்ஷன் போன்றதல்ல. தனியார் நிறுவனங்களில் சேமிக்கும் பென்ஷனும் இதில் சேராது. வேலை செய்த காலத்தில் தேசியக் காப்பீட்டுக்குக் கட்டிய சந்தா (அல்லது பிள்ளை வளர்ப்பு போன்றவற்றுக்காகக் கிடைத்த வரவு) அடிப்படையில் வருவது. 2016 ஏப்ரல் 6க்குப் பிறகு ஓய்வு வயதை எட்டியவர்களுக்கான புதிய முறையில், குறைந்தது 10 வருடக் கணக்கு இருந்தால்தான் எதுவும் கிடைக்கும். முழுத் தொகைக்குப் பொதுவாக 35 வருடம் வேண்டும். 2025-26ல் அந்த முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண்டு. வருமானமோ சொத்தோ பார்ப்பதில்லை. வங்கித் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவரும் வாங்குவார், பேருந்து ஓட்டியவரும் வாங்குவார். 40 வருடம் உழைத்துச் சந்தா கட்டியவரை “உழைக்காமல் அரசாங்கக் காசில் வாழ்பவர்” பட்டியலில் போட்டால்தான் உங்கள் மூன்றில் ஒருவர் கணக்கு வரும். செலவிலும் இதே கதைதான். 2023-24ல் ஸ்டேட் பென்ஷனுக்கு மட்டும் சுமார் 12,400 கோடி பவுண்டு போனது. வேறு எந்த ஒரு உதவித்தொகையும் இதன் பக்கத்தில் வராது.

மீதி சுமார் ஒரு கோடிப் பேர் உழைக்கும் வயதினர். அதுபோக, மாற்றுத்திறன் உதவி பெறும் சில லட்சம் குழந்தைகள். உழைக்கும் வயதினரில் பெரும்பான்மையோர் இருப்பது யுனிவர்சல் கிரெடிட்டில், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான பொது உதவித் திட்டத்தில். 2025 நடுவில் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைத் தொட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வேலையில் இருப்பவர்கள். சம்பளம் போதாமல் வாடகைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அரசு மீதியைத் தருகிறது. இன்னொரு பெரும் பகுதிக்கு, நோய் காரணமாகவோ கைக்குழந்தை காரணமாகவோ வேலை தேட வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. தவிர, பிப் எனப்படும் தனிநபர் மாற்றுத்திறன் உதவிக்கு வருமான வரம்பும் இல்லை, வேலை பார்க்கக் கூடாது என்ற விதியும் இல்லை. சக்கர நாற்காலியில் அலுவலகம் போய் நல்ல சம்பளம் வாங்குபவரும் அந்த 2.4 கோடிக்குள் ஒருவர்.

இதுவரை சொன்னது உறுதியானது. இவை துறையின் பணப்பட்டுவாடா முறைமையிலிருந்து நேரடியாக எடுக்கும் எண்கள். முன்பெல்லாம் பல உதவித்தொகைகளுக்கு 5 சதவீத மாதிரியை எடுத்துப் பெருக்கித்தான் சொல்வார்கள். 2000களில் முழுப் பதிவுகளையும் இணைத்து எண்ணத் தொடங்கிய பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது. ஆனால் துல்லியமாக எண்ணினாலும் எதை எண்ணுகிறோம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. என் வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோப்பில் அடிக்கடி வரும் வகைதான், பெயர் வேண்டாம். கணவருக்கு 78 வயது, மனைவிக்கு 72, கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். முப்பது வயது மகள் கூடவே இருக்கிறாள், கடையில் பகுதி நேர வேலை. கணவர், மனைவி இருவருக்கும் ஸ்டேட் பென்ஷன். பென்ஷன் குறைவு என்பதால் இருவருக்கும் சேர்த்து, கணவர் பெயரில் ஒரு பென்ஷன் கிரெடிட். அவருக்குக் குளிக்க, உடுத்த ஆள் துணை வேண்டும், எனவே அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட். மகளுக்கு யுனிவர்சல் கிரெடிட். மனைவிதான் கணவரைப் பார்த்துக்கொள்கிறார், அதற்காக கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பித்து, தகுதியும் கிடைத்துவிட்டது. ஆனால் அவருடைய ஸ்டேட் பென்ஷன் அந்தத் தொகையைவிட அதிகம் என்பதால் ஒரு பென்னி கூடக் கைக்கு வராது. பிறகு ஏன் விண்ணப்பித்தார் என்பீர்கள். அந்தத் தகுதி இருந்தால் பென்ஷன் கிரெடிட்டில் பராமரிப்பாளருக்கென்று ஒரு கூடுதல் தொகை சேரும்; விவரம் தெரிந்த ஆலோசகர் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்.

இப்போது எண்ணுங்கள். உதவித்தொகை வாரியாக எண்ணினால் 7. பணம் கைக்கு வருவதை மட்டும் எண்ணினால் 6. ஆள் கணக்கில் 3. உதவித்தொகைச் சட்டத்தின் பார்வையில் தம்பதி ஒரு குடும்பம், வயதுவந்த மகள் தனிக் குடும்பம், ஆக 2. வீடு 1. ஐந்துமே சரியான எண்கள், ஐந்தும் ஏதோ ஓர் அட்டவணையில் வரும். கேரர்ஸ் அலவன்ஸில் “தகுதி உள்ளோர்”, “பணம் பெறுவோர்” என்று இரண்டு வரிசை வைத்திருப்பது இதற்காகத்தான். முதலாவது சுமார் 14 லட்சம், இரண்டாவது சுமார் 10 லட்சம். அவசரத்தில் எழுதும் நிருபர் எந்த வரிசையை எடுப்பார் என்பது அன்றைய தலைப்பைப் பொறுத்தது. ஒவ்வொரு உதவித்தொகையின் எண்ணிக்கையையும் கூட்டி “இத்தனை கோடிப் பேர்” என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் படித்த 2.4 கோடி அப்படிப்பட்டதல்ல. ஒருவரை ஒருமுறை மட்டுமே எண்ணும் தனித் தொகுப்பிலிருந்து வந்தது, அந்த வகையில் யோக்கியமான எண்.

காலத்தையும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் ஒரு நாளில் எடுத்த கணக்கு. யுனிவர்சல் கிரெடிட்டுக்கு ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை. ஸ்டேட் பென்ஷன் போன்றவற்றுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை, வெளியாகும்போது அது ஏறத்தாழ ஆறு மாதப் பழைய கணக்கு. வருடத்தில் மூன்று மாதம் மட்டும் உதவி பெற்று வேலைக்குத் திரும்பியவர் ஒரு கணக்கில் இருப்பார், அடுத்ததில் இருக்க மாட்டார்.

ஆனால் என்னைக் கேட்டால், மக்கள் அதிகம் ஏமாறுவது ஏற்ற இறக்கத்தில்தான். “பத்து வருடத்தில் இவ்வளவு கூடிவிட்டது” என்ற வாக்கியத்தைப் பார்த்தாலே நான் விதி ஏதாவது மாறியதா என்றுதான் முதலில் தேடுவேன். ஸ்டேட் பென்ஷன் வயதே நல்ல உதாரணம். பெண்களுக்கு 60 ஆக இருந்தது 2010லிருந்து மெல்ல ஏறி 2018 நவம்பரில் 65 ஆனது. பிறகு இருபாலருக்கும் 2020 அக்டோபரில் 66 ஆனது. நாட்டில் முதியவர்கள் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஸ்டேட் பென்ஷன் பெறுவோர் எண்ணிக்கை இறங்கியது இதனால்தான். அந்தப் பக்கம் இறங்கினால் இந்தப் பக்கம் ஏறத்தானே செய்யும்? 62 வயதில் மூட்டுவலியால் வேலையை விட்ட பெண் முன்பு “ஓய்வூதியர்”, இப்போது “உழைக்கும் வயதில் உதவி பெறுபவர்”. அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை. 2026லிருந்து 2028க்குள் இந்த வயது 67 ஆகிறது. இதே குழப்பம் மறுபடியும் தலைப்புகளில் வரும், பாருங்கள்.

யுனிவர்சல் கிரெடிட்டின் ஏற்றத்திலும் இது உண்டு. 2013ல் அது தொடங்கியபோது ஆறு பழைய உதவிகளை ஒன்றாக்குவது திட்டம். அவற்றில் குழந்தைகளுக்கானதும் குறைந்த சம்பளக்காரர்களுக்கானதுமான இரண்டு டாக்ஸ் கிரெடிட்களை வரி வசூலிக்கும் துறைதான் கொடுத்துவந்தது, எனவே வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் எண்ணிக்கையில் அவர்கள் இல்லை. 2025 ஏப்ரல் 5ஆம் தேதியோடு டாக்ஸ் கிரெடிட் முடிந்தது. அதை வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களில் பெரும்பகுதி படிப்படியாக யுனிவர்சல் கிரெடிட்டுக்கு வந்தது. ஒரு துறையின் பேரேட்டிலிருந்து இன்னொரு துறையின் பேரேட்டுக்கு ஏறிய பெயர்கள் செய்தியில் புதிய பயனாளிகள் ஆகிவிட்டார்கள். உயர்வு முழுவதும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. உடல்நலக் காரணத்தால் உதவி கோருவோர் கொரோனாவுக்குப் பிறகு உண்மையிலேயே கூடியிருக்கிறார்கள். இரண்டையும் பிரிக்காமல் பேசுவதுதான் தவறு. இன்னொன்று, கணவன் மனைவியில் ஒருவர் ஓய்வு வயதைத் தாண்டி மற்றவர் தாண்டாமல் இருந்தால், 2019 மே 15க்குப் பிறகு புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பென்ஷன் கிரெடிட்டுக்குப் பதில் யுனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் போக வேண்டும். அதனால் உழைக்கும் வயதினருக்கான திட்டத்துக்குள்ளும் ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள்.

எல்லைகளும் அப்படித்தான். துறையின் எண்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு மட்டும். வட அயர்லாந்துக்குத் தனி நிர்வாகம், தனிக் கணக்கு. ஸ்காட்லாந்தும் மாற்றுத்திறன் உதவிகளைத் தன் சொந்த அமைப்புக்கு மாற்றிக்கொண்டது, அங்கே பிப்புக்குப் பதில் வேறு பெயரில் வேறு உதவி. இதைக் கவனிக்காமல் வரைபடம் போட்டால் ஸ்காட்லாந்தில் மாற்றுத்திறனாளிகள் திடீரென்று குறைந்துவிட்டது போலத் தெரியும். எதிர்ப்பக்கத்தில், ஸ்டேட் பென்ஷன் பெறுவோரில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் பிரிட்டனிலேயே இல்லை, வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பிரிட்டன் மக்கள்தொகையால் வகுத்து விகிதம் சொல்வது பொருத்தமில்லை. (பிரிட்டனில் உழைத்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேறினால் அந்தப் பென்ஷன் வருடாவருடம் உயராது, அங்கே போனபோது இருந்த தொகையிலேயே நின்றுவிடும்.)

இந்தப் பென்ஷனின் தொடக்கத்திலேயே ஒரு புள்ளிவிவர வேடிக்கை உண்டு. 1908 சட்டப்படி 1909 ஜனவரி 1 முதல் 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தார்கள். அன்று அயர்லாந்து முழுவதும் பிரிட்டன் ஆட்சியில் இருந்தது. அங்கே எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்யத் தொடங்கியதே 1864ல்தான். ஆகவே 70 வயதுக்காரர் எவரிடமும் பிறப்புச் சான்று இல்லை. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் தங்களுக்கு 70 ஆகிவிட்டது என்று வந்து நின்றார்கள். அதிகாரிகள் 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைத் தூசு தட்டி வயது சரிபார்க்க வேண்டியதாயிற்று. 1911 கணக்கெடுப்பிலும் அயர்லாந்தின் முதியவர்கள் முந்தைய கணக்கைவிட வெகுவாகப் பெருகியிருந்தார்கள்.

இனி சந்தேகத்துக்குரியவை. உதவித்தொகை பற்றிய எண்களில் ஆள் வைத்து எண்ணாமல் மதிப்பிட்டுச் சொல்பவை சில உண்டு. அவற்றைக் கையாளும் விதமே வேறு. மோசடிக் கணக்கு அதில் முதலாவது. 2023-24க்கு, 2024 மே மாதம் வெளியான மதிப்பீட்டின்படி, கூடுதலாகக் கொடுத்த தொகை 970 கோடி பவுண்டு, மொத்தச் செலவில் 3.7 சதவீதம். இதில் பயனாளியின் மோசடி சுமார் 740 கோடி. மீதி பயனாளியின் தெரியாத்தவறும் அலுவலகத்தின் தவறும். யுனிவர்சல் கிரெடிட்டில் மட்டும் விகிதம் 12.4 சதவீதம், ஸ்டேட் பென்ஷனில் 1 சதவீதத்துக்கும் வெகு கீழே. இவை குறிப்பிட்ட எண்ணிக்கையில் கோப்புகளை எடுத்துக் குடைந்து பார்த்து, அதை மொத்தத்துக்கும் விரித்த மதிப்பீடுகள். பிடிபட்டவர்களின் எண்ணிக்கை அல்ல. ஒரு வருடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்து எதுவும் வாதிட முடியாது.

தகுதியிருந்தும் கேட்காதவர்கள் பற்றிய கணக்கு இதைவிடக் கடினம். பேரேட்டில் இல்லாதவரை எப்படி எண்ணுவது? வீடுகளில் எடுக்கும் குடும்ப வளக் கணக்கெடுப்பில் வருமானம் கேட்டு, யாருக்குத் தகுதி இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் கணக்கெடுப்பில் பலர் தாங்கள் வாங்கும் உதவியைச் சொல்வதேயில்லை, சொன்னாலும் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். அந்தத் தொகையைக் கூட்டினால் அரசு உண்மையில் கொடுத்ததைவிடக் குறைவாக வரும். இந்தக் குறையோடு சேர்த்துப் பார்த்தாலும், 2022-23ல் பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியான குடும்பங்களில் சுமார் 65 சதவீதம்தான் வாங்கின, 7.6 லட்சம் குடும்பங்கள் வரை கேட்காமலே விட்டன என்பது மதிப்பீடு. மோசடியைப் பற்றி வரும் தலைப்புகளில் பத்தில் ஒன்று கூட இதைப் பற்றி வருவதில்லை. 2024 ஜூலையில் குளிர்கால எரிபொருள் உதவியைப் பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி வாங்குபவர்களுக்கு மட்டும் என்று அரசு சுருக்கியதும், பென்ஷன் கிரெடிட் விண்ணப்பங்கள் குவிந்தன. அந்த வருடம் முதியோர் திடீரென்று ஏழையாகிவிடவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அடுத்த வருடமே அந்த வரம்பை ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு என்று அரசு தளர்த்தியது.

வேலையின்மைக்கும் உதவி கோருவோர் எண்ணிக்கைக்கும் உள்ள முடிச்சும் இப்படித்தான். 2020 கோடையில் வேலை தேடும் நிபந்தனையோடு உதவி பெறுவோர் 27 லட்சம் அளவுக்குப் போனார்கள். அதே காலத்தில் சர்வதேச வரையறைப்படி வேலையில்லாதவர்கள் 15 லட்சம் அளவில்தான் இருந்தார்கள். முதல் கணக்கில் சம்பளம் வெகுவாகக் குறைந்துபோனவர்களும் சேர்வார்கள். இரண்டாவதில் “வேலை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்” என்று கணக்கெடுப்பில் சொன்னவர்கள் மட்டும். இரண்டாவதுதான் அதிகாரபூர்வ வேலையின்மைக் கணக்கு. ஆனால் அதற்கான கணக்கெடுப்புக்குப் பதில் சொல்வோர் மிகவும் குறைந்துபோய், 2023 அக்டோபரில் சில மாதங்களுக்கு வெளியீட்டையே நிறுத்தி வைத்தார்கள். ஆகவே இதில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

இதையொட்டி வழக்கமாக வரும் அடுத்த கேள்வி, “இதில் வெளிநாட்டினர் எத்தனை பேர்?” 2025 ஜூலையில் முதல்முறையாகக் குடியேற்ற நிலைவாரியாக யுனிவர்சல் கிரெடிட் எண்கள் வந்தன. ஜூன் மாதத்தில் சுமார் 84 சதவீதம் பிரிட்டிஷ், அயர்லாந்துக் குடிமக்களும் அவர்களுக்கு இணையான வசிப்புரிமை உள்ளவர்களும், 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஐரோப்பிய ஒன்றியக் குடியிருப்புத் திட்டத்தில் (பிரெக்சிட்டுக்கு முன்பே வந்து தங்கிய ஐரோப்பியர்களுக்கானது) இருப்பவர்கள். அகதி நிலை பெற்றோர் 1.5 சதவீதம் அளவு. அதற்கு முன் புழங்கிய பழைய எண்களில், தேசியக் காப்பீட்டு எண் வாங்கிய நாளில் ஒருவர் எந்த நாட்டவரோ அதுவே கணக்கு. 1990களில் இலங்கைக் கடவுச்சீட்டோடு வந்து, பிறகு பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, இருபது வருடம் வரி கட்டியவரும் அதில் வெளிநாட்டவர்தான். பழைய எண்ணை யாராவது காட்டினால் இதைக் கேளுங்கள். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் பொதுவாக இந்த உதவிகள் எதையும் கேட்கவே முடியாது.

நீங்களே சரிபார்க்க வேண்டும் என்றால் துறையின் ஸ்டாட்-எக்ஸ்ப்ளோர் தளம் இலவசம், பதிவு செய்யாமலே விருந்தினராக நுழையலாம். உதவித்தொகைகளைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டாதீர்கள். உதவிகளின் சேர்க்கைகள் என்ற தொகுப்பை எடுங்கள், அதில்தான் ஒருவர் ஒருமுறை வருவார். வயதுப் பிரிவைச் சேர்த்தால் ஓய்வூதியர்கள் தனியாகப் பிரிந்துவிடுவார்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த வரிசையிலேயே இருக்கிறது. உள்ளூர் அளவுக்கு இறங்கினால் கூட்டல் ஒன்றிரண்டு வித்தியாசப்படும். அது பிழை இல்லை. சிறிய எண்களை வைத்து யாரையும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சிறிது கலைத்து வைத்திருக்கிறார்கள்.